சுக்கானைக் கையில் பிடிப்பவருக்கும் சேர்த்து: கிளைடர் வாங்கவிருக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கூட்டாகப் பணம் போட்டு, எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் கிளைடர் ஒன்றை வாங்க முன்வந்திருக்கும் குமரி மாவட்ட நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நாகர்கோவிலில் நாம் கூடியபோது, வாங்கத் தகுந்தவை என்று மூன்று கிளைடர்களின் பெயர்கள் பலகையில் எழுதப்பட்டன. விலை, வயது, சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்பது), ஏற்றிவர வேண்டிய டிரெய்லர் என எல்லாவற்றையும் பேசி முடித்தபின் என் பக்கம் திரும்பினீர்கள். நான் வாய் திறப்பதற்குள் ஒரு தம்பி, "எத வாங்குனாலும் சரி அண்ணாச்சி, உங்களுக்கு வேண்டிய கைப்பிடிய நம்ம லேத்துல ஒரே நாள்ல அடிச்சு மாட்டிரலாம்" என்றார். எல்லாரும் தலையசைத்தீர்கள். கூட்டம் முடியும் நேரம் என்பதால் நானும் தலையசைத்துவிட்டேன். அந்தத் தலையசைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். கால் செயலிழந்த இன்னும் இருவர் நம்முடன் சேர விரும்புவதாகச் சொன்னீர்கள்; அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக வைக்கிறேன்.

என்னைப் புதிதாக அறிபவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு தக்கலை அருகே நடந்த சாலை விபத்தில் என் முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. செவிலியரான என் மனைவிக்கு ஸ்காட்லாந்தில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே இருந்த ஆண்டுகளில், லெவன் ஏரிக்கரையில் உள்ள போர்ட்மோக் மைதானத்தில், கையால் சுக்கானை இயக்கும் வசதி கொண்ட ஏஎஸ்கே 21 வகைக் கிளைடரில் பறக்கக் கற்றேன். மேற்குக் காற்று பிஷப் குன்றின் மீது மோதி மேலெழும்போது, அந்தக் காற்றின் முதுகில் ஏறிக் குன்றின் நெடுகப் போய்வருவார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் வியப்பொன்றும் இருக்கவில்லை; முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதும் மலை இடைவெளியில் நெருக்குண்டு வேகம் பிடிக்கும் காற்றை நம்பித்தான். வியப்பாக இருந்தது வேறொன்று. அங்கே கிளைடரை வாங்கும்போதே, காலில்லாதவர் எப்படி ஓட்டுவார் என்று யோசித்து வாங்கியிருந்தார்கள்.

கிளைடரில் காலுக்கு ஒரே வேலைதான். இரண்டு பெடல்களை மிதித்து வாலிலுள்ள சுக்கானைத் திருப்ப வேண்டும். கேட்பதற்குச் சிறு வேலையாகத் தோன்றும். ஆனால் கிளைடரின் இறக்கை நீளமானது. ஏஎஸ்கே 21இல் முனைக்கு முனை 17 மீட்டர். இடப்பக்கம் திரும்ப, வலக்கையில் பிடிக்கும் ஸ்டிக் என்னும் இயக்குகோலை இடப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கை உயரும். உயரும் இறக்கை கூடுதல் காற்றிழுவையை வாங்கிக்கொள்வதால், திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிராக மூக்கு வலப்பக்கம் இழுபடும். இறக்கை நீள நீள இந்த முரண் கூடும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு சாய்வோடும் சுக்கானையும் அளவாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த அளவு சரியா என்பதைக் காட்ட, விமானியின் முகத்துக்கு நேரே கண்ணாடி மூடியின் மேல் ஒரு சாண் கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள். நூல் நேராகப் பின்னோக்கிக் கிடந்தால் எல்லாம் சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் கிளைடர் காற்றில் பக்கவாட்டாக வழுக்குகிறது என்று பொருள். பல நூறாயிரம் ரூபாய் பெறும் வண்டியில் நான் அதிகம் பார்ப்பது, பழைய ஸ்வெட்டரில் உருவிய அந்த நூலைத்தான்.

சுக்கானே இல்லாமல் ஓட்டக்கூடிய விமானங்கள் இல்லையா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் பிரெட் வைக் வடிவமைத்து 1937இல் முதன்முதலில் பறந்த எர்கூப் என்னும் சிறு விமானத்தில் பெடல்களே இல்லை. சுக்கானை ஸ்டியரிங்கோடு இணைத்துவிட்டார்கள். கால் செயலிழந்தவர்கள் பலர் அதை விரும்பி ஓட்டினார்கள். ஆனால் அது குட்டை இறக்கையும் எஞ்சினும் கொண்டது. சூடாகி மேலெழும் காற்றின் குறுகிய தூணுக்குள் வட்டமிட்டே உயர வேண்டிய கிளைடருக்குச் சுக்கான் தனியே வேண்டும்; அதைக் கைக்கு மாற்ற முடியுமே தவிர, நீக்க முடியாது. குளச்சலிலும் மணக்குடியிலும் படகின் சுக்கானைக் காலால் பிடிப்பவர் யாருமில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

கைக்கு மாற்றினால் எந்தக் கைக்கு என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் கிளைடரைத் தேர்ந்தெடுக்கும் வேலையே தொடங்குகிறது. வலக்கை ஸ்டிக்கை விட்டு அகல முடியாது. ஆகவே எல்லாம் இடக்கையின் தலையில் விழும். அந்தக் கைக்கு ஏற்கெனவே என்னென்ன வேலை இருக்கிறது என்பதை நிறங்களைக் கொண்டே எண்ணலாம்: இழுவடத்தைக் கழற்றிவிடும் மஞ்சள் குமிழ், ஏர்பிரேக்கின் நீலக் கைப்பிடி, மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து வைக்கும் டிரிமின் பச்சைக் குமிழ், ஆபத்தில் கண்ணாடி மூடியைக் கழற்றியெறியும் சிவப்புக் கைப்பிடி. சில கிளைடர்களில் இவற்றோடு, இறக்கையின் வளைவை மாற்றும் ஃபிளாப்புக்கு ஒன்றும், சக்கரத்தை ஏற்றி இறக்க ஒன்றும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் மேலே என் சுக்கான்.

தரையிறங்கும் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கால் வலுவுள்ளவருக்கு அப்போது இடக்கை முழுவதும் நீலக் கைப்பிடிக்கே சொந்தம். பின்னுக்கு இழுத்தால் இறக்கையின் மேல் தகடுகள் எழுந்து கிளைடர் விரைவாக இறங்கும். முன்னுக்குத் தள்ளினால் இறக்கம் குறையும். எஞ்சின் இல்லாத வண்டியில் மைதானத்தின் எந்த இடத்தில் தொடுகிறோம் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கைப்பிடிதான். நானோ அதே நேரத்தில் கடைசித் திருப்பத்துக்குச் சுக்கானைக் கொடுக்க வேண்டும். பக்கக் காற்று இருந்தால் மூக்கைக் காற்றுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்து, சக்கரம் புல்லைத் தொடுவதற்குச் சற்று முன் சுக்கானால் நேராக்க வேண்டும். தொட்டபின்னும் வண்டி திசைமாறாமல் பிடிக்க வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 25 மீட்டர். கையை ஒரு கைப்பிடியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நேரத்தில் கிளைடர் ஒரு தென்னந்தோப்பின் அகலத்தைக் கடந்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. திருப்பத்துக்கு முன்பே ஏர்பிரேக்கைப் பாதியளவு திறந்து வைத்துவிட்டுக் கையைச் சுக்கானுக்குக் கொண்டுபோய்விடுவேன். திருப்பம் முடிந்து நேரானதும் மீண்டும் நீலத்துக்கு வருவேன். தரைக்கு அருகில் மறுபடி சுக்கான். இது நடக்க வேண்டுமானால், விட்ட இடத்திலேயே ஏர்பிரேக் நிற்க வேண்டும். பல கிளைடர்களில் பூட்டைத் திறந்ததும் காற்று அந்தத் தகடுகளை மேலே உறிஞ்சும். கையை எடுத்தால் முழுவதும் திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட வண்டி உங்களுக்குச் சிறு தொல்லை, எனக்கு அது கதை முடிவு. எனவே எந்தக் கிளைடரைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது, நீலக் கைப்பிடி இடையில் நிற்பதற்குப் பல்லோ உராய்வுப் பிடிப்போ இருக்கிறதா என்பதுதான். சறுக்கு விகிதத்தை இரண்டாவதாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இனிப் பலகையில் இருந்த மூன்று பெயர்களுக்கு வருகிறேன்.

முதலாவது, விலை குறைவு என்பதால் பெரும்பாலோர் கண் பதித்த எல் 13 பிளானிக். செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாகி, ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு, உலகெங்கும் பல தலைமுறைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த உலோகக் கிளைடர். அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதில் ஃபிளாப்பும் உண்டு, ஏறி இறங்கும் சக்கரமும் உண்டு. இடக்கைக்கு வேலை மிகுதி. அதைவிடப் பெரிய காரணம், 2010இல் ஆஸ்திரியாவில் ஒரு எல் 13இன் இறக்கை பறக்கும்போதே முறிந்தது. உலோகச் சோர்வு என்று தெரிந்ததும் அந்த வகை முழுவதும் தரையில் நிறுத்தப்பட்டது. பிறகு குறிப்பிட்ட ஆய்வும் மாற்றமும் செய்துகொண்டவற்றுக்கே பறக்க வழி கிடைத்தது. விற்பவர் காட்டும் தாள்களில் அந்த மாற்றம் செய்யப்பட்டதற்கான பதிவு இல்லையென்றால், காலுள்ளவர்களும் அதில் ஏறக் கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது, நம் இளைஞர்கள் ஆசைப்படும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கிளைடர். சறுக்கு விகிதம் 40க்கு மேல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகத்துக்கு வேகம் ஃபிளாப்பை மாற்ற வேண்டும், ஏறியதும் சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும், இறங்கும்முன் மறக்காமல் வெளியே தள்ள வேண்டும். இதில் நான் எண்ணிப் பார்த்தால் இடக்கைக்கு ஏழு வேலை. மேலும், பின்னால் ஆசிரியர் அமர முடியாத வண்டியில் புதிதாக ஒருவருக்குக் கையால் சுக்கான் பிடிக்கக் கற்றுத்தர முடியாது.

மூன்றாவது, ஏஎஸ்கே 21. ஜெர்மனியின் போப்பன்ஹவுசனில் உள்ள ஷ்லைஹர் நிறுவனத்துக்காக ருடால்ஃப் கைசர் வடிவமைத்தது. 1970களின் இறுதியில் வந்து, இன்றுவரை 900க்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. ஃபிளாப் இல்லை. சக்கரம் நிலையானது. சக்கர பிரேக், ஏர்பிரேக் கைப்பிடியைக் கடைசிவரை இழுத்தால் தானே பிடிக்கும். தனிக் கைப்பிடி தேவையில்லை. எளிதில் சுழலில், அதாவது சுற்றிக்கொண்டே கீழிறங்கும் நிலையில், விழாத சாதுவான வண்டி. சுழலிலிருந்து மீளும் பயிற்சிக்கென்றே வாலில் எடை கட்டிப் பறக்கிறார்கள். காலைவிட வலுக்குறைந்த கையால் முழுச் சுக்கானையும் தள்ளவேண்டிய எனக்கு அந்தச் சாதுத்தனம் பெரிய காப்பு. சறுக்கு விகிதம் 34 என்று சிலர் உதட்டைப் பிதுக்கினீர்கள். காற்றசையாத வேளையில் நாகர்கோவிலுக்கு நேர் மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் விட்டால், கணக்குப்படி மார்த்தாண்டத்தையும் தாண்டிப் போய்ச் சேரும். கற்றுக்கொள்பவர்களுக்கு அதற்குமேல் எதற்கு?

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த வகைக்குக் கையால் இயக்கும் சுக்கானை, செய்த நிறுவனமே வடிவமைத்து ஒப்புதலோடு தருகிறது. அமெரிக்காவில் குரோப் 103 வகையிலும் கை இயக்கம் பொருத்திப் பறக்கிறார்கள். ஏஎஸ்கே கிடைக்காவிட்டால் நிலைச் சக்கரம் கொண்ட குரோப்பை அடுத்ததாகப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம் நாட்டிலேயே செய்த ரோகிணி கிடைக்காதா என்று ஆவலோடு கேட்டார். அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி என்று நட்சத்திர வரிசையில் பெயரிட்டுக் கிளைடர் செய்த காலம் ஒன்று இருந்தது. ரோகிணியில் இருவர் அருகருகே அமரலாம். ஆனால் அது மரக் கிளைடர். அரை நூற்றாண்டு பழைய மரத்தையும் பசையையும் நம்பி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது லேத்துப் பட்டறை. நம்மூர்ப் பட்டறைக்காரர்களின் கைத்திறனை நான் குறைத்துப் பேசமாட்டேன். இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் விபத்துக்குப்பின் முதன்முதலில் தனியாக வெளியே போனேன். காருக்கும் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒரே கைப்பிடியில் சேர்த்துத் தந்தார் ஒருவர்; நன்றாகவே ஓடியது. எட்டாவது மாதம், தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழி போகும் வழியில் பிரேக்குக்காகக் கைப்பிடியை அழுத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே முன்னால் போயிற்று. கம்பியையும் பெடலையும் சேர்த்த காட்டர் பின் தேய்ந்து, கழன்று, காலடி விரிப்பில் கிடந்தது. கைபிரேக்கை இழுத்துச் சாலையோரப் பனைகளுக்கு நடுவே நிறுத்தினேன். ஒரு பின்னின் விலை இரண்டு ரூபாய் இருக்கும். வானத்தில் சாலையோரம் கிடையாது. அதோடு, ஒப்புதல் இல்லாத ஒரு கம்பியைச் சுக்கானோடு இணைத்த நொடியிலேயே கிளைடரின் பறக்கும் தகுதிச் சான்றும் காப்பீடும் செல்லாமல் போகும். அந்த நட்டம் எனக்கு மட்டுமன்று, பணம் போட்ட எல்லாருக்கும்தான்.

கிளைடரை மேலேற்றும் முறையையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். இழுவிமானத்துக்குச் செலவு தாங்காது, தரையில் நின்று வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் போதும் என்று முடிவு செய்தீர்கள்; எனக்கும் சம்மதமே. ஆனால் வின்ச் இழுக்கும்போது சில நொடிகளில் கிளைடர் பறக்கும் வேகத்துக்கு வந்துவிடும். அந்த ஓட்டத்தில் இறக்கை முனை சாய்ந்து புல்லைத் தொடப்போனால் கண் இமைக்கும் முன் மஞ்சள் குமிழை இழுத்தாக வேண்டும். அதனால்தான் இடக்கையை அதன்மேலேயே வைத்திருக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். என் இடக்கையோ அப்போது சுக்கானில் இருக்கும். சுக்கான் கைப்பிடியை விடாமலேயே விரலால் எட்டி இழுக்குமாறு மஞ்சள் குமிழ் அமைந்திருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். இல்லையென்றால், பின்னிருக்கையில் ஆசிரியர் கை வைத்திருக்கும் நாள்களில் மட்டுமே நான் வின்ச்சில் ஏறுவேன்.

அமர்வதைப் பற்றிச் சிலருக்குக் கூச்சம் இருக்கும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். சென்ற கூட்டத்தில் மாடிப்படியில் என்னை இருவர் தூக்கி வந்தீர்கள். கிளைடருக்குள் இறக்குவதும் அப்படித்தான், ஒருவர் அக்குளுக்குக் கீழே, மற்றவர் முழங்காலுக்குக் கீழே. அதற்குக் காக்பிட்டின் விளிம்பு சக்கர நாற்காலியின் உயரத்தை ஒட்டியும், கண்ணாடி மூடி நாம் நிற்கும் பக்கத்தை மறிக்காமலும் இருக்க வேண்டும். ஏஎஸ்கே 21இன் முன்மூடி முன்னோக்கித் திறப்பதால் இரு பக்கமும் ஆள் நிற்கலாம். உள்ளே என் கால்கள் பெடலருகே கிடக்கும். நான் சுக்கானைக் கையால் இயக்கும்போது பெடல்களும் கூடவே முன்னும் பின்னும் போகும். தசை இழுப்பு வந்து கால் அங்கே சிக்கினால் சுக்கான் சிக்கியதாகும், எனக்கோ அது தெரியவே தெரியாது. ஆகவே கால்களைப் பட்டையால் கட்டி வைக்க உறுதியான இடம் வேண்டும். அழுத்தப் புண் வராமல் மெத்தை வேண்டும். ஆனால் வீட்டு ஸ்பாஞ்சு கூடாது. மோதலில் அது முதலில் அமுங்கி, பிறகு உடலை எதிர்த்து அடித்து முதுகெலும்பை நொறுக்கும். மெல்ல அமுங்கி அதிர்ச்சியை வாங்கும் வகையே வேண்டும். சூம்பிய கால்களால் என் எடை 54 கிலோ, பாரசூட்டோடு 61. அந்த வகையில் முன்னிருக்கைக்குக் குறைந்தது 70 கிலோ வேண்டும் என்பதால் எடைக்கட்டி பொருத்தும் வசதியும் பார்க்க வேண்டும்.

பாரசூட் என்றதும், ஆபத்தில் நான் எப்படி வெளியே குதிப்பேன் என்று கேட்க நினைத்து நிறுத்திக்கொண்டவரைக் கவனித்தேன். இருக்கைக்கடியில் காற்றுப்பை உப்பி விமானியை விளிம்புவரை உயர்த்தும் நோவா என்ற அமைப்பை ஜெர்மனியின் டிஜி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. நாம் வாங்கும் பழைய கிளைடரில் அதை எதிர்பார்க்க முடியாது. கையூன்றி எழும்பப் பழகியிருக்கிறேன். ஆனாலும் கால் உள்ளவரைவிடத் தாமதமாகத்தான் வெளியேறுவேன். இதை அறிந்தேதான் ஏறுகிறேன். நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

எனக்காக மற்றவர்களின் வசதி குறையுமோ என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. பெடல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் பறக்காத நாளில் கைப்பிடி உங்களுக்குக் குறுக்கே வராது. கூடுதல் செலவு இருக்கிறது, அதில் என் பங்குக்கு மேலும் தரத் தயாராக இருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 விளையாட்டிலும் எங்களுக்கு இடம் தரச் சொல்கிறது என்பதை அறிவேன். நண்பர்களிடம் சட்டத்தை நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. மருத்துவத் தகுதிச் சான்று என் சொந்தப் பாடு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவே. பலகையிலிருந்து முதல் இரண்டு பெயர்களை நீக்குங்கள். மூன்றாவதற்குப் பணம் சேர இன்னும் ஓராண்டு ஆகுமானால் ஓராண்டு பொறுப்போம். விற்பனைக்கு இருக்கும் கிளைடரைப் பார்க்கப் போகும்போது, படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாமல் என்னையும் அழைத்துப் போங்கள். காக்பிட்டுக்குள் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால் நீலம், மஞ்சள், சுக்கான் மூன்றையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்க எனக்குக் கால் மணி நேரம் போதும். வண்டி வைக்க வேண்டாம். என் காரில் இன்னும் மூவர் வரலாம், ஓட்டுவது நான்தான். சக்கர நாற்காலி போக டிக்கியில் இரண்டு பைகளுக்குத்தான் இடம் இருக்கும். காட்டர் பின்னுக்குப் பதிலாக இப்போது பூட்டு நட்டு போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
நாகர்கோவில்.